கண்மாய்க்குப் பறவை வருவது எதனால்? மாறிகளுக்கு ரேங்க் போடும் முன்

மேலூர் பக்கத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன்.

“ஐயா, மதுரையைச் சுற்றி 42 கண்மாய்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு செய்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தையில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை. எத்தனை வகைப் பறவை இருந்தன என்பதுதான் சார்பு மாறி. விளக்க மாறிகள் ஆறு: வரைபடத்திலிருந்து எடுத்த கண்மாய்ப் பரப்பு, மடைக்குப் பக்கத்தில் அளந்த நீர் ஆழம், கண்ணால் பார்த்து நான்கு வகுப்பாகப் பிரித்த சீமைக்கருவேல அடர்த்தி, அடுத்த கண்மாய்க்கு உள்ள தூரம், தார்ச்சாலைக்கு உள்ள தூரம், பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வருகிறதா மானாவாரியா என்பது. எல்லாச் சேர்க்கையிலும் மாடல் ஓட்டி ஏஐசி எடைகளைக் கூட்டினேன் (ஏஐசி என்பது பொருத்தத்தையும் மாறிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து மாடலுக்குப் போடும் மதிப்பெண்; அதை வைத்து எல்லா மாடலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பங்குதான் எடை, மொத்தம் 1). ஆழத்துக்கு 0.98, பரப்புக்கு 0.97, கருவேலத்துக்கு 0.44, சாலைத் தூரத்துக்கு 0.29. மற்ற இரண்டும் அதற்குப் பக்கத்தில். ஆழத்துக்கும் கருவேலத்துக்கும் ஒட்டுறவு மைனஸ் 0.8, அதாவது ஒன்று கூடினால் பெரும்பாலும் மற்றது குறைகிறது. பிறகு ரேண்டம் ஃபாரஸ்ட் (நிறைய முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் முறை) போட்டுப் பார்த்தேன். அதில் பரப்பு முதலாவது, சாலைத் தூரம் இரண்டாவது, அடுத்த கண்மாய்த் தூரம் மூன்றாவது, ஆழம் நான்காவது. என் கைடு, ‘எது முக்கியம்னு வரிசையா ஒரு டேபிள் போடும்மா, தீசிஸுக்கு அதுதான் உயிர்’ என்கிறார். ஜர்னலுக்கு அனுப்பிய கட்டுரையை ஒரு ரிவியூவர், ‘எடைக் கூட்டல் முக்கியத்துவத்தின் அளவு அல்ல’ என்ற ஒற்றை வரியோடு திருப்பிவிட்டார். நான் எந்த வரிசையை நம்புவது? இன்னொரு சீசனுக்கு நேரம் இருக்கிறது. கூடுதலாக மாறிகள் சேர்க்கவா, கண்மாய்கள் சேர்க்கவா?”

அன்புள்ள மாணவிக்கு,

ரிவியூவர் சொன்னது சரி. விளக்காமல் விட்டதுதான் தப்பு. இரண்டு வரிசையில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் அப்படியே தீசிஸில் வைக்க முடியாது. ஆனால் இரண்டும் ஏன் அப்படி வந்தன என்று பார்த்தால் உங்கள் டேட்டாவைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எடைக் கூட்டல். ஆறு மாறி என்றால் 64 மாடல். ஒவ்வொரு மாறியும் அவற்றில் 32 மாடலில் இருக்கும். அந்த 32 மாடலின் எடையைக் கூட்டுகிறீர்கள். அந்தக் கூட்டுத்தொகை, ‘இந்த மாறியை மாடலில் வைத்துக்கொள்ளச் சான்று இருக்கிறதா’ என்ற கேள்விக்கு ஏதோ ஒரு பதில் சொல்கிறது. ஆழம் ஒரு அடி கூடினால் எத்தனை வகைப் பறவை கூடும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. இந்தக் கூட்டலைச் சூழலியலில் பரப்பியவர்கள் பர்ன்ஹாமும் ஆண்டர்சனும். அவர்கள் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் ‘ஒப்பீட்டு முக்கியத்துவம்’ என்று டேபிள் போட்டார்கள். 2014-ல் கலிபோவும் கூட்டாளிகளும் தாங்களே உருவாக்கிய டேட்டாவில் இதைச் சோதித்துப் பார்த்து, இந்த எண்ணை நம்பி வரிசைப்படுத்தக்கூடாது என்று எழுதினார்கள். ரிவியூவரின் ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது அந்த விவாதம்தான்.

உங்கள் எண்களிலேயே இதைப் பார்க்கலாம். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு மாறிக்கும் ஏஐசி 2 புள்ளி அபராதம் போடும், அவ்வளவுதான். கண்மாயின் பெயரில் எத்தனை எழுத்து என்பதை ஒரு மாறியாகச் சேர்த்தீர்கள் என்று வையுங்கள். பறவைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைச் சேர்த்ததால் மாடலின் பொருத்தம் துளியும் கூடவில்லை என்றாலும், அது இருக்கும் மாடல் இல்லாத மாடலைவிட 2 புள்ளிதான் பின்தங்கும். 2 புள்ளி பின்தங்கிய மாடலுக்கு முந்தியதன் எடையில் 0.37 மடங்கு கிடைக்கும். 0.37-ஐ 1.37-ஆல் வகுத்தால் 0.27. ஆக, ஒன்றுக்கும் உதவாத மாறிக்கும் 0.27 உறுதி, அதற்குக் கீழே இறங்கவே முடியாது. உங்கள் சாலைத் தூரத்தின் 0.29 கிட்டத்தட்ட தரையில்தான் கிடக்கிறது. அதை ‘29 சதவீத முக்கியத்துவம்’ என்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யவில்லை, சந்தோஷம்.

கருவேலத்தின் 0.44? சம்பந்தமில்லாத மாறிகளுக்கும் தற்செயலாகக் கொஞ்சம் பொருத்தம் கூடத்தான் செய்யும். அப்படி ஒரு மாறி 0.44-ஐத் தொடுவது தோராயமாக ஐந்தில் ஒருமுறை நடக்கும். 0.5-ஐத் தாண்டுவதே நூற்றுக்கு 16 முறை. நான் சொல்வதை நம்ப வேண்டாம். டேட்டாவில் தற்செயல் எண்களால் ஒரு பத்தியைச் சேர்த்து ஓட்டுங்கள், அதற்கு என்ன எடை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், இதையே இருநூறு முறை செய்யுங்கள். ஒரு மத்தியானம் போதும். வரும் படத்தை ரிவியூவருக்கான பதிலிலும் சேர்க்கலாம்.

மேல் பக்கத்திலும் இதே கதைதான். 10 புள்ளி வித்தியாசத்திலேயே எடை 0.99-ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் 20 என்றாலும் 50 என்றாலும் எண் 1-ல் முட்டி நிற்கும். 0.98 பெற்ற ஆழமும் 0.97 பெற்ற பரப்பும் பறவைகளின் மேல் செலுத்தும் விளைவில் பல மடங்கு வேறுபடலாம்; எடை அதைக் காட்டாது. கண்மாய் எண்ணிக்கையை 42-லிருந்து 400 ஆக்கினால், சிறிய விளைவு உள்ள மாறிகளும் 1-ஐ நோக்கி ஏறும். கண்மாயில் ஒன்றும் மாறவில்லை, நம் கையில் சான்று கூடியது, அவ்வளவே. சான்று எவ்வளவு என்பது வேறு, விளைவு எவ்வளவு என்பது வேறு. உங்கள் கைடு கேட்பது இரண்டாவது. நீங்கள் கொடுத்தது முதலாவது.

போகிற போக்கில் ஒன்று. 42 கண்மாய்க்கு ஏஐசி போதாது, சிறிய மாதிரிக்கான ஏஐசிசி வேண்டும். மாடலில் உள்ள ஒவ்வொரு கெழுவுக்கும் (மாறி ஒரு அலகு கூடினால் விடை எவ்வளவு மாறும் என்று மாடல் கணிக்கும் எண்) 40 பதிவாவது இல்லையென்றால் திருத்திய அளவையே பயன்படுத்தச் சொன்னவர்களும் அதே பர்ன்ஹாம், ஆண்டர்சன்தான். அபராதம் கூடுவதால் நான் சொன்ன தரையும் 0.27-லிருந்து 0.2 பக்கம் இறங்கும்.

இனி ரேண்டம் ஃபாரஸ்ட். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்த இடம் இது. ஒரே டேட்டாவில் சாலைத் தூரம் அங்கே தரையில் கிடக்கிறது, இங்கே இரண்டாவது இடத்தில் இருக்கிறது. காரணம் பறவைகளிடம் இல்லை, டேட்டா அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

உங்களிடம் 84 வரிசை இருக்கிறது: 42 கண்மாய், இரண்டு சீசன். கண்மாய்ப் பரப்பு வரைபடத்திலிருந்து எடுத்தது, அதனால் தைக்கும் பங்குனிக்கும் ஒரே எண். சாலைத் தூரமும் அடுத்த கண்மாய்த் தூரமும் அப்படியே. இந்த மூன்று எண்களும் கண்மாய்க்குக் கண்மாய் வேறு. அதாவது ரேண்டம் ஃபாரஸ்ட்டின் கண்ணுக்கு அவை மூன்றும் கண்மாயின் அடையாள அட்டைகள். தை வரிசையை வைத்துக் கற்றுக்கொண்ட மரம், பங்குனி வரிசையைப் பார்த்ததும் ‘சாலையிலிருந்து 1.37 கிலோமீட்டரா, அந்தக் கண்மாய் எனக்குத் தெரியுமே’ என்று போன சீசனின் எண்ணை எடுத்து நீட்டுகிறது. ஆழம் மட்டும் சீசனுக்குச் சீசன் மாறுவதால் இந்த வேலைக்கு உதவவில்லை. நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. முதல் மூன்று இடத்திலும் மாறாத எண்களே உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

கருவேலம் பின்தங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ரேண்டம் ஃபாரஸ்ட் மென்பொருள் தொகுப்பில் நீங்கள் தனியாகக் கேட்காவிட்டால் கிடைக்கும் அளவு, கிளை பிரியும் இடங்களில் எவ்வளவு பிழை குறைந்தது என்பதன் கூட்டுத்தொகை. நிறைய இடத்தில் வெட்டக்கூடிய மாறிக்கு அது சலுகை காட்டும் என்று ஸ்ட்ரோப்லும் கூட்டாளிகளும் 2007-லேயே காட்டினார்கள். நான்கு வகுப்பு உள்ள கருவேலத்தை மூன்று இடத்தில்தான் வெட்ட முடியும். 42 வேறு வேறு எண் உள்ள தூரத்தை 41 இடத்தில் வெட்டலாம். பந்தயமே சமமில்லை. மாறியைக் கலைத்துப்போட்டுப் பிழை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கும் அளவைக் கேளுங்கள். சோதிக்க ஒதுக்கும்போது வரிசையை ஒதுக்காமல் கண்மாயை இரண்டு சீசனோடும் முழுதாக ஒதுக்குங்கள். சாலைத் தூரம் சரிந்துவிடும் என்பது என் கணிப்பு. சரியாவிட்டால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அது நிஜமாகவே கவனிக்க வேண்டிய விஷயம்.

இதே 84 வரிசைச் சிக்கல் சாதாரண மாடலிலும் இருக்கிறது. பரப்பைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது 42 சான்றுதான், 84 அல்ல. இப்படி ஒன்றையே இரண்டாக எண்ணும் வழக்கத்தை ஹர்ல்பர்ட் 1984-ல் பிடித்துக் காட்டினார். நாற்பது வருடமாகியும் ஓயவில்லை. கண்மாயை ரேண்டம் எஃபெக்ட்டாக வையுங்கள், அதாவது ஒரே கண்மாயின் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று மாடலுக்குச் சொல்லுங்கள். இன்னொன்றும் உங்கள் ஊரில் உண்டு. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். ஒரே சங்கிலியில் உள்ள கண்மாய்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். எந்தச் சங்கிலி என்பதையும் மாடலுக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, எந்தச் செய்முறை வகுப்பிலும் யாரும் சொல்லாத ஒன்று: ஒழுங்காக அளந்த மாறிதான் முக்கியமானதாகத் தெரியும். பரப்பை வரைபடத்தில் துல்லியமாக எடுத்தீர்கள். கருவேலத்தைக் கரையில் நின்று கண்ணளவில் நான்கு வகுப்பாகப் போட்டீர்கள். ஆழத்தை மடைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் அளந்தீர்கள். அளவையில் பிழை இருந்தால் கெழு பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருங்கும் என்பது ஸ்பியர்மன் 1904-ல் சொன்னது. ஒரு மாறி மட்டும் உள்ள மாடலில், அதன் பதிவான ஏற்ற இறக்கத்தில் பாதி அளவைப் பிழை என்றால் சாய்வு பாதியாகிவிடும். பல மாறிகள் சேர்ந்த மாடலில் இன்னும் மோசம்: மோசமாக அளந்த மாறியின் பங்கை, அதோடு ஒட்டுறவுள்ள, நன்றாக அளந்த மாறி எடுத்துக்கொள்ளும். ஆழம், கருவேலம், பரப்பு மூன்றுக்கும் ஒரே தரத்தில் அளவை இல்லாதபோது அவற்றுக்குப் போடும் ரேங்கில் ஒரு பகுதி உங்கள் அளவுகோலுக்குப் போட்ட ரேங்க்.

மடை ஆழத்தில் வேறொரு கோளாறும் இருக்கிறது. மடை கரையோரம், கண்மாயின் தாழ்வான பக்கத்தில் இருப்பது. அங்கே ஆள் மட்டம் தண்ணீர் நிற்கும்போது உள்வாயின் மறுமுனையில் கணுக்கால் நனைகிற தண்ணீர்தான் இருக்கும். உள்ளானும் மடையானும் நிற்பது அந்த மறுமுனையில். முக்குளிப்பானும் நீர்க்காகமும் முங்குவது நடு ஆழத்தில். ஆழம் கூடினால் முதல் கூட்டம் குறையும், இரண்டாவது கூட்டம் கூடும். இரண்டையும் சேர்த்து ‘மொத்தம் எத்தனை வகை’ என்று ஒரே எண்ணாக்கினால் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். உண்மையிலேயே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மாறி, மாடலில் சாதுவாகத் தெரியும். உங்கள் டேட்டாவில் ஆழம் அப்படியும் தப்பி வந்திருக்கிறது. ஆனாலும் முங்கி இரை தேடுபவை, ஆழமில்லாத தண்ணீரில் நின்று இரை தேடுபவை என்று பிரித்துத் தனித்தனியாக ஓட்டுங்கள். ஆழத்துக்கு வர்க்க உறுப்பும் சேருங்கள். மிகக் குறைவும் கெடுதல், மிக அதிகமும் கெடுதல் என்ற வளைவை நேர்கோடு பிடிக்காது. பரப்பை அப்படியே போடாமல் மடக்கை எடுத்துப் போடுங்கள். வகை எண்ணிக்கை பரப்பின் அடுக்காக ஏறும் என்பது சூழலியலில் பழைய விதி. அடுக்கு 0.25 என்று வைத்துக்கொண்டால் பரப்பு இரட்டிக்கும்போது வகைகள் 19 சதவீதம் கூடும். 10 ஹெக்டேர் 20 ஆவதும் 100 ஹெக்டேர் 200 ஆவதும் அந்தக் கணக்கில் சமம்.

இப்போது நிஜமான முடிச்சுக்கு வருவோம்: ஆழமும் கருவேலமும்.

ஒட்டுறவு 0.7-ஐத் தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள் என்று டோர்மனும் கூட்டாளிகளும் 2013-ல் எழுதினார்கள். உங்களுடையது 0.8. இரண்டு மாறியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விஐஎஃப் (ஒட்டுறவால் கெழுவின் மாறுபாடு எத்தனை மடங்கு பெருகுகிறது என்ற அளவு) 2.8. பலர், ‘5-க்குக் கீழே இருக்கிறது, பிரச்சினையில்லை’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். 2.8 என்றால் கெழுவின் மாறுபாடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 42 கண்மாய்க்கு நடையாய் நடந்தும், ஆழத்தின் கெழுவைப் பொறுத்தவரை ஒட்டுறவில்லாத 15 கண்மாயைப் பார்த்த துல்லியம்தான் கிடைக்கும். இது எனக்குச் சின்னப் பிரச்சினையாகத் தெரியவில்லை.

பங்கு பிரிக்கும் முறைகள் இருக்கின்றன. கற்பனையாக ஒரு கணக்கு: ஆழம் தனியாக 40 சதவீத மாறுபாட்டை விளக்குகிறது, கருவேலம் தனியாக 30, இரண்டும் சேர்ந்து 45. அப்படியானால் ஆழத்துக்கே உரியது 15, கருவேலத்துக்கே உரியது 5, இருவருக்கும் பொதுவானது 25. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஆளுக்கொரு துண்டு புஞ்சையும் நடுவில் பெரிய கூட்டுக் கிணறும் இருப்பதுபோல. லிண்டமன், மெரெண்டா, கோல்ட் மூவரும் 1980-ல் தந்த முறையும், சூழலியலில் மக்நாலி பரப்பிய படிநிலைப் பகுப்பும் அந்தக் கிணற்றைச் சரிபாதியாக எழுதிவிடும். ஆழத்துக்கு 27.5, கருவேலத்துக்கு 17.5. கூட்டினால் 45. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கிணறு யாருடையது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு பதில் சொல்லவில்லை, சண்டை வராமல் எழுதி முடித்தது, அவ்வளவே. இந்த டேட்டா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. கண்மாயைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

தெரிந்ததைச் சொல்லிப் பார்ப்போம். தூர் சேர்ந்தால் ஆழம் குறைகிறது. ஆழம் குறைந்த கண்மாய் சீக்கிரம் வற்றுகிறது. வற்றிய உள்வாயில் சீமைக்கருவேலம் ஏறுகிறது. கருவேலம் அடர்ந்தால் திறந்த நீர்ப்பரப்பு சுருங்குகிறது. ஆக ஆழம் பறவைகளை நேராகவும் பாதிக்கிறது, கருவேலம் வழியாகவும் பாதிக்கிறது. இரண்டையும் ஒரே மாடலில் போட்டால் ஆழத்தின் கெழு, ‘கருவேலம் ஒரே அளவில் இருக்கும் இரண்டு கண்மாய்களில்’ ஆழத்தால் வரும் வித்தியாசத்தை மட்டும் சொல்லும். கருவேலம் வழியாகப் போகும் பங்கு அதில் இல்லை. எனவே தூர்வாரினால் மொத்தத்தில் என்ன ஆகும் என்று கேட்டால், கருவேலத்தை மாடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். கருவேலத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், ஆழத்தை மாடலில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆழம் செய்ததெல்லாம் கருவேலத்தின் தலையில் விழும். இரண்டு கேள்வி, இரண்டு மாடல். ஒரே மாடலின் டேபிளில் உள்ள எல்லாக் கெழுவையும் ஒரே மாதிரி வாசிக்கக்கூடாது என்பதை வெஸ்ட்ரைக்கும் கிரீன்லாண்டும் 2013-ல் தொற்றுநோயியல்காரர்களுக்காக எழுதினார்கள். நமக்கும் அது அப்படியே பொருந்தும். மாடல்களைச் சராசரியாக்கினால் இந்தச் சிக்கல் தீராது. கூட நிற்கும் மாறிகள் மாடலுக்கு மாடல் மாறும்போது கெழுவின் பொருளும் மாறுகிறது, வேறு வேறு பொருளுள்ள எண்களைச் சராசரி எடுத்து என்ன பயன் என்று 2015-ல் கேட் என்பவர் கேட்டார்.

கருவேல வேர் மண்ணைப் பிடித்து மேலும் தூர் சேர்க்கும் என்று நீங்கள் வாதிடலாம். தாராளமாக வாதிடுங்கள். அப்படியானால் அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதை ஒரு படமாக வரைந்து தீசிஸில் வையுங்கள். வைவாவில் கேள்வி கேட்பவர் அந்தப் படத்தோடு சண்டை போடட்டும். அது நல்ல சண்டை. கருவேலம் அடர்ந்த இடத்தில் இருக்கும் பறவையும் கண்ணுக்குத் தட்டுப்படாது என்பதையும் அந்தப் படத்தில் சேருங்கள். ‘பறவை இல்லை’ என்பதையும் ‘பார்க்க முடியவில்லை’ என்பதையும் பிரிக்க மெக்கென்சியும் கூட்டாளிகளும் 2002-ல் தந்த மாடல் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரே சீசனுக்குள் பலமுறை போய்ப் பார்த்த பதிவு வேண்டும். உங்களிடம் இல்லை, அடுத்த சீசனில் செய்யுங்கள்.

இதில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதும் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதே வருடம்தான் குடிமராமத்தும் மறுபடி தொடங்கியது. உங்கள் டேபிளில் கருவேலம் மேலே இருந்தால் ஒருவர் அதை வெட்டுவதற்குச் சான்றாகக் காட்டுவார். கீழே இருந்தால் இன்னொருவர் வெட்ட வேண்டாம் என்பதற்குக் காட்டுவார். நாரைகளும் கொக்குகளும் கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வகை எண்ணிக்கை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரேங்க் என்ற ஒற்றை எண் இத்தனையையும் தாங்காது.

கைடு விஷயம். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. படிக்கிறவருக்கு ஒரு டேபிள் வேண்டும். டேபிள் வேண்டாம் என்று போய் நிற்காதீர்கள், உள்ளே போடுவதை மாற்றுங்கள். ஒவ்வொரு மாறிக்கும், அதற்குரிய மாடலிலிருந்து, உங்கள் கண்மாய்களில் கீழ்க் கால் பங்கில் இருக்கும் அளவிலிருந்து மேல் கால் பங்கில் இருக்கும் அளவுக்கு நகர்ந்தால் எத்தனை வகைப் பறவை கூடும் அல்லது குறையும் என்று எழுதுங்கள், 95 சதவீத நம்பிக்கை இடைவெளியோடு. கால்வாயா மானாவாரியா என்பதற்கு இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி: கண்மாய்களை ஆயிரம் முறை பூட்ஸ்ட்ராப் செய்து (ஒவ்வொரு முறையும் 42-லிருந்து 42-ஐக் குலுக்கி எடுத்து; எடுத்ததே மறுபடி வரலாம்), அந்த மாறி எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அலைகிறது என்பது. ‘ஆழம்: 1 முதல் 3 வரை, பரப்பு: 1 முதல் 3 வரை, கருவேலம்: 2 முதல் 6 வரை’ என்பதுபோல் வந்தால் கைடே பார்த்துவிட்டு வரிசையை விட்டுவிடுவார். வரிசை அசையாமல் நின்றால் அவர் கேட்டதும் கிடைத்துவிட்டது.

மாறிகளைத் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) வகுத்து, அதில் வரும் கெழுக்களை ஒப்பிட்டால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். ஒப்பிடலாம், ஒரு எல்லைக்குள். அந்தக் கெழு உங்கள் மாதிரியின் வீச்சைப் பொறுத்தது. கால்வாய்த் தண்ணீர் பாயும் மேலூர்க் கண்மாய்களை மட்டும் தையில் பார்த்தால் எல்லாமே நிறைந்திருக்கும், ஆழத்தின் வீச்சு குறையும், ஆழம் ‘முக்கியமில்லாமல்’ போகும். திருமங்கலம் பக்கத்து மானாவாரிகளைச் சேர்த்தால் மறுபடி மேலே ஏறும். பறவைகளின் நடத்தை இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆகவே எந்தக் கண்மாய்கள், எந்த மாதம் என்பதை டேபிளின் தலைப்பிலேயே எழுதுங்கள். ஆம்-இல்லை மாறியையும் சேர்த்து ஒப்பிடுவதானால், தொடர் மாறிகளை ஒன்றல்ல, இரண்டு திட்ட விலக்கத்தால் வகுக்கும்படி கெல்மன் 2008-ல் சொன்னது வசதியான வழி.

நீர்வளத்துறைக்காரர்களோ ஊராட்சி ஒன்றியத்தாரோ, ‘முதலில் எதைச் செய்வது’ என்று கேட்டு வந்தால், அதற்குப் பதில் இந்த டேபிளிலும் இல்லை. சாலையை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். கண்மாய்ப் பரப்பைக் கூட்ட முடியாது, ஆக்கிரமிப்பை வேண்டுமானால் எடுக்கலாம். ஆழத்தையும் கருவேலத்தையும்தான் மாற்ற முடியும், இரண்டுக்கும் செலவு வேறு. செலவழிக்கும் ஒரு லட்சத்துக்கு எத்தனை வகைப் பறவை என்று கணக்குப் போடுவது தனி வேலை.

கடைசியாக உங்கள் கடைசிக் கேள்வி. மாறிகளைச் சேர்க்காதீர்கள். 42 கண்மாய்க்கு ஆறே அதிகம். ஆழத்தின் வர்க்கத்தோடு ஏழாகிறது. கண்மாய்களைச் சேருங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். ஆழத்தையும் கருவேலத்தையும் இரண்டு அச்சாக வைத்து 42 புள்ளிகளையும் ஒரு தாளில் போடுங்கள். இரண்டு மூலை காலியாக இருக்கும்: ஆழமிருந்தும் கருவேலம் மண்டியது, ஆழமில்லாமல் கருவேலம் இல்லாதது. அந்த மூலைகளில் உள்ள கண்மாய்தான் உங்களுக்கு வேண்டும். இரண்டாவது வகை, கருவேலத்தை வெட்டிவிட்டுத் தூர்வாராமல் விட்ட ஊர்களில் கிடைக்கும். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். முதல் வகை அபூர்வம். கரைப் பக்கம் மட்டும் மண் அள்ளிய கண்மாய்களில் தேடிப் பாருங்கள். மூலைக்கு ஐந்து கிடைத்தாலே ஒட்டுறவு நன்றாக இறங்கும், ஏற்கெனவே இருப்பதுபோன்ற முப்பது கண்மாயைச் சேர்ப்பதைவிட அது பிரயோசனம். போகும்போது ஆழத்தை மடையில் ஒன்று, உள்வாயில் நான்கு என்று ஐந்து இடத்தில் அளந்துகொள்ளுங்கள். கருவேலத்தைக் கரையில் நின்று மதிப்பிடாமல் செயற்கைக்கோள் படத்தில் பரப்பாக எடுங்கள். பழைய 42-க்கும் அதே சீசன் படத்தை எடுத்து அளக்க முடியும் என்பதால் அந்த வேலையை நாளைக்கே வீட்டிலிருந்து தொடங்கலாம்.